வெறும் குளிசை

கூனிமலைத் தோட்டத்து மேல் டிவிசனில் இராயப்பனைப் போல் சந்தேகம் பிடித்த ஆள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற இவனுக்கு என்ன வேலை? ஆனாலும் சாயங்காலமானால் போய் நிற்பான். பெண்டாட்டியின் கூடை தொங்கும்போது குனிந்து தராசு முள்ளைப் பார்ப்பான். கடையில் வாங்கிய மாவை நாலு தரம் முகர்ந்து பார்ப்பான். கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியார் அசல் சாமியார்தானா என்று ஒரு மாதம் விசாரித்துத் திரிந்தவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் காரணமும் இருந்தது. எழுபத்து மூன்றில் அவன் அண்ணன் பத்திநாதன், யாரோ நீட்டிய கடுதாசியில் என்ன ஏது என்று கேட்காமல் பெருவிரலை அழுத்திவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பலேறினான். இப்போது கோத்தகிரிப் பக்கம் யாருடைய மலையிலோ மண் கொத்துகிறான். அன்றைக்குப் பிடித்தது இராயப்பனுக்கு. கடுதாசி என்றாலே ஆகாது.

அப்படிப்பட்டவனிடம்தான் எண்பத்திரண்டாம் வருசம் சித்திரை மாதம், டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு கடுதாசியை நீட்டினார்கள்.

அவன் பெண்டாட்டி அந்தோனியம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்று. வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கி ஒதுக்கி வைத்த இடம். முதலில் வெள்ளையாய்ப் படர்ந்தது, பிறகு ஆறாத புண்ணாகிவிட்டது. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்து, ஆறு வாரம் கரண்டு வைத்து அனுப்பினார்கள். கரண்டு வைத்த கன்னம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துப்போய், வாய் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் விழுங்குவாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மாவுக்கும் அதே நோய், அதே கன்னம், அதே வார்டு. அவள் புருசனைப் பறிகொடுத்தவள். ஒரே மகளையும் வலப்பனைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டாள். இருபது வருசமாக இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்தெடுத்தவர்கள், ஒரே வெற்றிலைப் பையில் கை விட்டவர்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு சிங்களப் பெண் டாக்டர் வருவார். எல்லாருக்கும் அவர் டாக்டர் நோனா. அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல யோகேஸ்வரி என்று ஒரு நர்ஸ் மிஸி. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண்.

"டாக்டர் என்ன சொல்றாங்கன்னா," என்று மிஸி ஆரம்பித்தாள், "புண்ண வெட்டியாச்சு, கரண்டும் வச்சாச்சு. ஆனா அது திரும்பி வரலாம். நம்ம ஒடம்புக்குள்ளயே நோயோட சண்டை போடுறதுக்கு ஒரு காவல் இருக்கு. இப்ப அது அசந்து போய்க் கெடக்கு. அதத் தட்டி எழுப்பி விடுமான்னு பாக்கத்தான் இந்தக் குளிசை."

"எழுப்புமா, எழுப்பாதா?" என்றான் இராயப்பன்.

"அதத்தான் பாக்கப் போறாங்க."

"பாக்கப் போறாங்கன்னா? தெரியாமத்தான் குடுக்கிறீங்களா? நம்ம தோட்டத்துல ஸ்டோர் சாமான் காணாமப் போறதெல்லாம் காவக்காரன் முழிச்சிருக்கிறப்பதான் மிஸி. அவன எழுப்பி என்ன ஆகப்போவுது?"

வீரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கன்னம் வலிக்கும்.

"முழுசாக் கேளுங்க. மொத்தம் நூறு பேர். பாதிப் பேருக்கு மருந்துள்ள குளிசை. மிச்சப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு ஒங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நம்பர்தான். எந்த நம்பருக்கு எதுங்கிறத கொழும்புல பூட்டி வச்சிருக்காங்க."

இராயப்பன் எழுந்தே விட்டான். "கேட்டியா புள்ள கதைய! தராசு மேல சாக்கப் போட்டு மூடிட்டு நிறுக்கிறேன்னு சொல்றாங்க. நிறுக்கிறவனுக்கும் முள்ளு தெரியாதாம்! யாருகிட்ட விடுறாங்க?"

டாக்டர் நோனாவுக்கு அது புரிந்துவிட்டது. தன் அரைகுறைத் தமிழில் அவரே சொன்னார். "இராயப்பன், எனக்கு தெரிஞ்சா நான் என்ன செய்வேன்? பாவம் பாத்து, புடிச்ச ஆளுக்கு நல்லது குடுப்பேன். அப்ப இது நல்ல மருந்தா, கூடாத மருந்தா, எப்படி கண்டு புடிக்கிறது? அதுதான் எனக்கும் மறைச்சு வச்சது. மம தன்னே நே."

எனக்குத் தெரியாது என்று அர்த்தம். கச்சேரியிலும் போலீசிலும் தபால் கந்தோரிலும் இராயப்பன் ஆயிரம் தடவை கேட்ட சொல் அது. சொன்ன ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்துதான் இருந்தது. இந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாதாக்கும்!

கடுதாசியை ஜன்னலோரம் கொண்டுபோய் எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தான். இந்தியா என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினான். கையெழுத்து வைக்காவிட்டாலும் வழக்கமான வைத்தியம் நடக்கும், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று இருந்தது. அதைப் படித்ததும் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று. இவ்வளவு நல்ல பேச்சு எதற்கு?

"இங்க குடுங்க அத," என்று அந்தோனியம்மா எழுந்து வந்து பிடுங்கினாள். வாய் திறக்க முடியாததால் அவள் பேச்சு பல்லுக்குள்ளிருந்து வரும். "புண்ணு எனக்கா ஒங்களுக்கா? சும்மா கெடந்து சாகிறதுக்கு ஏதோ ஒண்ணு செஞ்சு பாத்துட்டுப் போறேன். மையக் கொண்டாங்க மிஸி."

பெருவிரலை அழுத்தினாள். பின்னாலேயே வீரம்மாவும் அழுத்தினாள். அந்தோனியம்மாவுக்குப் பதினேழாம் நம்பர், வீரம்மாவுக்குப் பதினெட்டு. பதினைந்து நாளைக்கு ஒரு தரம், மூன்று நாள் விழுங்க வேண்டும். நாளைக்கு மூன்று குளிசை. புறப்படும்போது டாக்டர் நோனா விரலை ஆட்டி இரண்டு தடவை சொன்னார்: "காய்ச்சல் வந்தா, தொண்டை நோவு வந்தா, குளிசைய நிப்பாட்டு. அன்னைக்கே வா."

தோட்டத்துக்கு வந்தும் இராயப்பன் ஓயவில்லை. மருந்துக் காம்பராவில் டிஸ்பென்சர் ஐயாவிடம் கடுதாசியைக் காட்டினான். அவர் மருந்தின் பேரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பூச்சி மருந்தப்பா. புள்ளைகளுக்கு வருசா வருசம் குடுக்கிறோமே, அந்தச் சாமான்தான். மாட்டுக்குக்கூடக் குடுப்பாங்க. இப்ப புத்துநோய்க்கும் கேக்குமான்னு வெளிநாட்டுலயெல்லாம் பாத்துக்கிட்டிருக்காங்க."

இது போதாதா? பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களுக்கெல்லாம் சொல்லி ஆனது. "மாட்டுப் பூச்சி மருந்து! மனுசிக்குக் குடுக்கிறாங்க. நாங்க மாடு பாருங்க, அதான்!"

"மாட்டுக்குக் கேட்டா மனுசிக்கும் கேக்கட்டுமே," என்றாள் அந்தோனியம்மா. "மாடாவது நல்லாத்தானே இருக்கு."

முதல் தரம் இருவரும் விழுங்கினார்கள். இரண்டாம் நாள் காலையில் வீரம்மா காம்பரா வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஓங்கரித்தாள்.

"தகரத்தக் கடிச்ச மாதிரி இருக்குண்ணே. ரொட்டிய வாயில வச்சா துரு. தேத்தண்ணியக் குடிச்சா துரு. எச்சி கூடத் துரு."

"ஒனக்கு?" என்று அவன் பெண்டாட்டியைக் கேட்டான்.

"எனக்கொண்ணும் தெரியல. கோதும மாவக் கட்டியா முழுங்கின மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான். அந்த நிமிசம் வரைக்கும் அது மாட்டு மருந்து, விஷம், ஏமாற்று வேலை. அந்த நிமிசத்திலிருந்து அது அந்தோனியம்மாவுக்குக் கிடைக்காமல் போன அமிர்தம். இராயப்பனின் புத்தி அப்படி. கிடைத்தால் விஷம் என்பான், கிடைக்காவிட்டால் வஞ்சகம் என்பான்.

கவ்வாத்து மலையில் பனி விலகாத வேளையில் செடியை வெட்டிக்கொண்டே யோசித்தான். மருந்தென்றால் உடம்பில் ஏதாவது செய்ய வேண்டும். கொய்னா கசக்கும், விளக்கெண்ணெய் குமட்டும். ஒன்றும் செய்யாதது மருந்தா? வீரம்மாவுக்கு எப்படி அசல் போயிற்று? யோகேஸ்வரி மிஸி அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாளே. இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு. நாம் வேதக்காரர்கள், கழுத்தில் செபமாலை கிடக்கிறது. கொழும்பில் பூட்டி வைத்திருக்கிறதாம்! உறையில் பேரை எழுதியது யார் கை? மிஸியின் கை. கத்தி கிளையில் சறுக்கிப் பெருவிரலைக் கீறியது. அந்த ஆத்திரத்தில் இன்னும் நாலு செடியைக் கூடுதலாக வெட்டித் தள்ளினான்.

இதில் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். கரண்டு வைத்து வந்ததிலிருந்து அந்தோனியம்மாவால் பழைய மாதிரி கொழுந்து எடுக்க முடியவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். அதனால் மடுவத்துக்கு ஏறுகிற வழியில், நிரைக்காரிகள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் இது வழக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுவார்கள், காய்ச்சல்காரிக்குப் போடுவார்கள். போடுகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், வாங்குகிறவள் கேட்க மாட்டாள். தானும் நோயாளியான வீரம்மா இரண்டு பிடி போடுவாள். தகரம் கடித்த வாயோடு அந்த மூன்று நாளும் போட்டாள். இராயப்பன் மடுவத்து ஓரமாக நின்று அதையும் பார்த்தான். இவள் எதற்கு இப்படிப் போடுகிறாள், மனசுக்குள் ஏதாவது குறுகுறுக்கிறதோ என்று நினைத்தான். என்னத்தைச் சொல்ல!

இரண்டாம் தரக் குளிசைக்கு அவன்தான் போனான். பெண்கள் போனால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். கவ்வாத்துக்காரனுக்குத் தன் பங்கு முடிந்தால் பகலிலேயே வேலை முடிந்தது. இரண்டு உறைகளையும் அவன் கையில் கொடுத்து யோகேஸ்வரி மிஸி, "மாறிப் போயிடாம பாத்துக்கங்க," என்றாள். "பேரு எழுதியிருக்கு."

திரும்பும் வழியில் கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மரக்கறி லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் கொட்டகைக்குள் ஒதுங்கினான். கோவாவும் லீக்ஸும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆள் இல்லை. ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, கவ்வாத்துக் கத்தியின் முனையால் உறைகளின் கம்பியை நெம்பினான். இரண்டிலும் ஒன்பது ஒன்பது வெள்ளைக் குளிசை. அச்சு அசல் ஒன்றுபோல. பதினேழிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். மாவு. பதினெட்டிலிருந்து ஒன்றை வைத்தான். முகம் கோணிப் போயிற்று. குளிசையைக் கையில் எடுத்துக்கொண்டு காறித் துப்பினான்.

"அட பாவிகளா," என்று வாய்விட்டுச் சொன்னான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பியதால் வந்ததா, பெண்டாட்டியை நினைத்து வந்ததா, அவனுக்கே தெரியாது.

குளிசைகளைத் துண்டில் தனித்தனியாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வீரம்மா போட்ட கொழுந்துப் பிடி நினைவுக்கு வந்தது. பாவம்தான். ஆனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மகள் கரையேறிவிட்டாள். தன் வீட்டில் மகள் சிசிலிக்கு இப்போதுதான் பதினாறு. அம்மா இல்லாமல் அந்தப் பிள்ளையை யார் கரையேற்றுவது? மாதாவே, நான் திருடவில்லை, அவர்கள் மறைத்ததைத்தான் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பதினெட்டின் குளிசையைப் பதினேழில் போட்டான். பதினேழின் குளிசையைப் பதினெட்டில் போட்டான். கம்பியைப் பழையபடி மடக்கினான். மழை விட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரம் அந்தோனியம்மா, "ஏங்க, எனக்கும் வாயெல்லாம் துருவா இருக்குங்க," என்றாள்.

இராயப்பன் சிரித்தான். அவன் சிரித்து லயத்தில் யாரும் பார்த்ததில்லை. "மருந்து இப்பத்தான் ஏறுது புள்ள. பொறுத்துக்க."

வீரம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து நன்றாகச் சோறு தின்றாள். மூன்றாம் தரமும் மாற்றினான். நான்காம் தரமும் மாற்றினான். கை பழகிவிட்டது.

வைகாசியில் கொழுந்து வெடித்துக் கிளம்பியது. மலையெல்லாம் பச்சை. ஆள் போதாமல் கங்காணி காலையில் ஆளெடுக்கிற பெரட்டிலேயே கத்தினான். நான்காம் தரத்தின் இரண்டாம் நாள், பகல் பத்து மணிக்கு அந்தோனியம்மா நிரையிலேயே சரிந்து விழுந்தாள். வீரம்மாதான் ஓடிவந்து தூக்கியவள். உடம்பு கொதித்தது. தொண்டை வெந்து, எச்சில் விழுங்க முடியவில்லை. தோட்டத்து லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மிச்சக் குளிசையை வீரம்மா மறக்காமல் உறையோடு எடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

இரத்தம் எடுத்தார்கள். தகவல் போய், கிழமை பார்க்காமல் மறுநாள் காலையிலேயே டாக்டர் நோனா வந்துவிட்டார். இரத்தச் சோதனைக் கடுதாசியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நோயோட சண்டை போடுறது ரத்தத்துல வெள்ளை அணுதான்," என்று மிஸி இராயப்பனிடம் தணிந்த குரலில் சொன்னாள். "அந்தோனியம்மாவுக்கு அது இல்லவே இல்லைங்கிற மாதிரிக் கொறஞ்சு போச்சு. சில பேருக்கு அந்தக் குளிசை அப்படிச் செய்யும். அதான் டாக்டர் கொழும்புக்குப் போன் பண்ணி, பூட்டி வச்ச கணக்க இவங்க நம்பருக்கு மட்டும் தெறக்கச் சொல்லியிருக்காங்க."

இராயப்பன் வார்டு வாசலில் குந்திவிட்டான்.

மத்தியானம் பதில் வந்தது. டாக்டர் நோனா கட்டிலருகே வந்து நின்றார். "பதினேழு வெறும் குளிசை," என்றார். "மருந்து இல்ல. அப்ப இது வேற ஏதோ." மிஸியிடம் சிங்களத்தில் படபடவென்று பேசினார்.

மிஸி குனிந்து கேட்டாள். "அந்தோனியம்மா, மறைக்காமச் சொல்லுங்க. நாட்டு மருந்து, கசாயம், யாராவது குடுத்த வேரு, ஏதாவது குடிச்சீங்களா?"

"இல்லிங்க மிஸி."

"குடிச்சிருந்தா ஏச மாட்டாங்க. சொன்னாத்தான் காப்பாத்தலாம்."

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் குடிக்கலிங்க."

"இவங்க இப்படித்தான் டாக்டர்," என்று பக்கத்தில் நின்ற இன்னொரு மிஸி சொன்னாள். "தோட்டத்து ஆளுங்க எதையாவது அரைச்சுக் குடிப்பாங்க. கேட்டா இல்லைன்னு சத்தியம் பண்ணுவாங்க."

அந்தோனியம்மா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. நாற்பத்தைந்து வருசத்தில் பொய் சொல்லி அறியாதவள். அவளை நாலு பேர் சுற்றி நின்று சந்தேகப்படுகிறார்கள். இராயப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

யோகேஸ்வரி மிஸி உறையிலிருந்து ஒரு குளிசையை எடுத்தாள். "இன்னைக்கு மூணாவது நாள். இத முழுங்கிடுங்க. பயப்படாதீங்க, இதுல ஒண்ணுமே கெடையாது. வெறும் மாவு. நிப்பாட்டினாக் கணக்குத்தான் கொழம்பும்."

கிளாஸில் தண்ணீர் ஊற்றினாள். அந்தோனியம்மா இரண்டு விரல் திறப்புக்குள் குளிசையை வைக்கப் போனாள். வாழ்நாளெல்லாம் யார் சொல்லையும் நம்பாதவனுக்கு முதல் தடவையாக தங்களுக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லிவிட்டார்கள். அது பொய் என்று அந்த வார்டில் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"வேணாம்!" என்று பாய்ந்து தட்டிவிட்டான். குளிசை சிமெந்துத் தரையில் உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. கிளாஸ் உடைந்தது. "முழுங்காத புள்ள. அது அசல். நான் மாத்திட்டேன். வீரம்மாவோடத எடுத்து ஒனக்குப் போட்டுட்டேன். மூணு தரம் மாத்திட்டேன்."

மிஸி அதைச் சிங்களத்தில் சொல்லத் தேவைப்படவில்லை. டாக்டர் நோனா அவனைப் பார்த்த பார்வைக்குப் பதில் அடி விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மருந்துச் சீட்டை இழுத்துக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். குளிசை நின்றது. ஊசி மாறியது. கட்டிலைச் சுற்றித் திரை போட்டார்கள். யாரும் கிட்டே வரக்கூடாது என்றார்கள்.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு அட்டைகள், பதினேழும் பதினெட்டும். இரண்டின் குறுக்காகவும் சிவப்பு மையால் கோடு.

"ஏன் செஞ்ச?"

"அவளுக்கு அசல் போவுது, எம் பொண்டாட்டிக்கு மாவு வருதுன்னு நெனச்சங்க. ஒங்களுக்கெல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் செய்றீங்கன்னு..."

"நான் சொன்னது தானே? எனக்கு தெரியாதுன்னு மொத நாளே சொன்னது தானே?"

"சொன்னீங்க."

"இந்த மருந்து நோயைத் தடுக்குமா, ஆளைக் கொல்லுமா? ரெண்டும் எனக்குத் தெரியாது, இராயப்பன். தெரிஞ்சா எதுக்கு நூறு பேர்? எதுக்குப் பூட்டு?"

"அப்ப... நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதுங்களா நோனா?"

டாக்டர் நோனா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவன் நம்பினான். நம்பியதும் பயம் வந்தது. இவ்வளவு படித்தவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்பது, அவர்கள் மறைக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அந்தோனியம்மா பிழைத்துக்கொண்டாள். பதினெட்டு நாள் கழித்து எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். புருசனோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் ரொட்டியைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "என்னையப் பொய்க்காரின்னு சொன்னப்ப நீங்க பேசாம நின்னீங்க பாத்தீங்களா, அதத்தான் என்னால சீரணிக்க முடியல. போயி வீரம்மாகிட்டச் சொல்லுங்க. நாளைக்கு நாயித்துக்கெழம. நாங்க பூச முடிஞ்சு வர்றதுக்குள்ள சொல்லிடணும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. வீரம்மா இஸ்தோப்பில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இராயப்பன் படியில் நின்றான், உட்காரவில்லை.

"வீரம்மா, ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"கணக்குலேருந்து எம் பேரையும் அடிச்சுட்டாங்கன்னு மிஸி சொல்லிச்சு. ஏன்னு சொல்லல."

"ஒன்னோட குளிசைய நான் திருடிட்டேன். மாத்தி வச்சிட்டேன்."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"மொதத் தரம் துரு. ரெண்டாந்தரம் மாவு. கன்னம்தான் போச்சு, நாக்கு இருக்குல்ல? அந்தப் பக்கம் அக்கா துரு துருங்கிறாங்க. நீங்க என்னயப் பாத்தா குனிஞ்சுக்கிட்டுப் போறீங்க. இதுக்கு மேல ஒருத்தரு வந்து சொல்லணுமா?"

"அப்ப ஏன் கேக்கல? சண்டைக்கு வந்திருக்கலாம்ல? ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாம்ல?"

"மடுவத்துக்குப் போறப்ப ஒரு புடி கொழுந்து போடுறோம். போட்டேன்னு சொல்லிக்கிட்டா போடுறோம்? அக்காவுக்கு சிசிலி இருக்கு. நான் ஒண்டிக்கட்டை. எடுத்துட்டாரு, எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

இராயப்பன் படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு பயற்றங்காயைச் சுளகில் தள்ளிவிட்டு, "அந்தத் துரு வாயோட எனக்குச் சோறே எறங்கலண்ணே," என்றாள். "போனது நல்லதாப் போச்சுன்னு சும்மா இருந்தேன்னே வச்சுக்கங்களேன். மனசப் போட்டு ஒழப்பாதீங்க."

இரண்டில் எது உண்மை? அவன் மேல் இரக்கப்பட்டு இரண்டாவதைச் சொன்னாளா, இல்லை அதுதான் நிசமா? அந்தக் குளிசை கெடுதல் செய்கிறது என்று அவளுக்கு அப்போதே பட்டிருந்து, அது பக்கத்துக் காம்பராவுக்குப் போகட்டும் என்று விட்டிருந்தால்? பழைய புத்தி தலை தூக்கியது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். கேட்க அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எழுந்து போய்விட்டான்.

ஐப்பசி மழையில் வீரம்மாவின் தாடைக்கடியில் ஒரு கட்டி எழும்பியது. முதலில் பாக்களவு, பதினைந்து நாளில் எலுமிச்சை அளவு. இராயப்பன்தான் கூட்டிக்கொண்டு போனான். பஸ்ஸில் சன்னலோரம் அவளை உட்காரவைத்து, சாரல் அடிக்காமல் படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தோனியம்மாவின் கன்னம் அது வரைக்கும் சுத்தமாக இருந்தது.

டாக்டர் நோனா கட்டியை அழுத்திப் பார்த்தார். பட்டணத்துக்கு அனுப்பச் சீட்டு எழுதினார். வீரம்மாவை மிஸி வெளியே கூட்டிப் போனதும் இராயப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நோனா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்தக் குளிசைய அவ ஒழுங்கா முழுங்கியிருந்தா இது வந்திருக்காதுங்களா? என்னாலயா இது?"

"முழுங்கினாலும் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். ஒங்க பொண்டாட்டி மாதிரி அவளும் விழுந்திருக்கலாம்."

"ஒங்க மனசுல ஒண்ணு இருக்குமில்லீங்களா? மறைக்காமச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

"மம தன்னே நே, இராயப்பன்," என்றார் அவர். "எனக்கும் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

வெளியே பெஞ்சில் வீரம்மா சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்டாள். இராயப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா பொய் சொல்கிறார், தெரிந்துகொண்டே மறைக்கிறார் என்று நினைத்துவிட எவ்வளவோ முயன்றான். முடியவில்லை.